க/பெ: மலை மேல் இருப்பவர்

மார்ச் 3, 1998. செவ்வாய்

காலையிலேயே வெயில். ஜீப்பில் ஏறும்போதே முதுகு நனைந்துவிட்டது. நெம்மேலிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் முகாம். பெஞ்சு உண்டு, மின்விசிறி இல்லை. எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம். வந்தால் சுண்டலும் வாழைப்பழமும் உண்டு என்று சகுந்தலா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார், என்னிடம் மட்டும் சொல்லவில்லை. சுண்டலுக்கு எங்கே போவது. டிரைவர் மணி மாமல்லபுரம் வரை போய் பிஸ்கட் பாக்கெட் வாங்கிவந்தார்.

சகுந்தலா நம் திட்டத்தின் களப்பணியாளர். சொந்த ஊர் திருக்கழுக்குன்றம். வாய் ஓயாது. பெண்களைத் திரட்டுவதில் கெட்டிக்காரர், திரட்டிய பிறகு நடப்பதெல்லாம் கடவுள் விட்ட வழி.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. கர்ப்பிணிகளிடம் மூன்று கேள்வி. டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா, எத்தனை. அம்மை வந்ததுண்டா. பெயர், க/பெ. பிறகு கொஞ்சம் ரத்தம். அதில் ரூபெல்லாவுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று மருத்துவக் கல்லூரி லேபில் பார்க்க வேண்டும். ரூபெல்லா என்றால் இங்கே யாருக்கும் தெரியாது. எல்லாம் அம்மைதான், எல்லாம் அம்மாதான். குழந்தைக்கு வந்தால் மூன்று நாள் சிவப்புப் பொரி, முடிந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு, அதுவும் முதல் மூன்று மாதத்தில் வந்தால், வயிற்றுப் பிள்ளையின் கண்ணும் காதும் இருதயமும் போகலாம். இதை எந்தக் கேள்வியில் அடக்குவது.

"அம்மை வந்திருக்கா?" என்றால் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். பதில் வருவதில்லை.

சகுந்தலாவுக்குச் சொன்னவை:
— டியூபில் பிளாஸ்திரி ஒட்டி அதில் பால்பாயிண்ட் பேனாவால் எழுத வேண்டும்.
— எண் ஸ்டிக்கரை ஈரமான டியூபில் ஒட்டக் கூடாது.
— ஐஸ் கட்டியைப் பையில் கட்டித்தான் பெட்டியில் போட வேண்டும், அப்படியே கொட்டக் கூடாது.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டுவதில் குறையே வைப்பதில்லை.

வீட்டுக்கு வந்தால் காஸ் தீர்ந்துவிட்டது. இவர் பேப்பர் படித்துக்கொண்டே "காஸ் தீர்ந்துடுச்சு" என்று தகவல் சொன்னார். பிரியாவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்குகிறது, பெண் டீவி முன்னால்.

மார்ச் 5, வியாழன்

ஐஸைக் கொட்டித்தான் இருக்கிறார்.

பெட்டியைத் திறந்தால் அடியில் குளம். அதில் என் எண் ஸ்டிக்கர்கள் மிதக்கின்றன. டியூபில் பிளாஸ்திரி மட்டும் பாக்கி, பெயரும் க/பெயும். நல்லவேளை, பால்பாயிண்ட். ஒரு பேச்சையாவது கேட்டார்.

படிவத்தில் "ஊர்" என்ற இடத்தில் எல்லாருக்கும் முகாம் நடந்த ஊரையே எழுதியிருக்கிறார். கேட்டால், "அங்கதான மேடம் எடுத்தோம்." அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று ஒரு நிமிஷம் தோன்றியது, அதற்காக என் மேல்தான் கோபம் வந்தது.

லேபில் மத்தியானம் கரண்ட் இல்லை. சீரம் பிரித்து வைத்தேன். தலைவலி.

மார்ச் 10, செவ்வாய்

டெஸ்ட் ஓட்டினேன். பெரும்பாலும் நல்லபடி, மஞ்சள் மஞ்சளாக வந்தன. மஞ்சள் வந்தால் எதிர்ப்புச் சக்தி உண்டு, நிறமே வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான் இதன் ரகசியம்.

ஒரு குழப்பம். "தனலட்சுமி, க/பெ வேதகிரி" என்று இரண்டு டியூப். ஒன்று நல்ல மஞ்சள். இன்னொன்று வெறும் தண்ணீர். கம்ப்யூட்டரில் பெயர் ஏற்றும் பெண் இரண்டாவதை "டூப்ளிகேட்" என்று அழித்தும்விட்டாள். ஆக, பட்டியலில் ஒரே தனலட்சுமி, அவளுக்கு ஒரே நாளில் இரண்டு விதமான ரத்தம்.

சகுந்தலாவிடம் கேட்டேன். ஒரே பெண்ணுக்கு இரண்டு தடவை ஊசி குத்தினீர்களா. "ச்சே, அப்டி குத்துவேனா மேடம்." இரண்டு தனலட்சுமி வந்தார்களா. வந்திருக்கலாம், தனலட்சுமிக்கு இன்னா பஞ்சம் என்றார். இரண்டு பேருக்கும் புருஷன் வேதகிரியா. "கழுக்குன்றத்துல தெருவுக்கு நாலு வேதகிரி மேடம்."

நாளை மறுபடி ஓட்ட வேண்டும். இந்த வாரம் மாசி மகம் வேறு, மணி லீவு கேட்கிறார்.

மார்ச் 11, புதன்

மறுபடி ஓட்டியாயிற்று. அதே மஞ்சள், அதே தண்ணீர். டெஸ்டில் தப்பில்லை. இரண்டு பெண்கள்தான்.

பேராசிரியரிடம் போனேன். திட்டமே அவருடையது. சொன்னதைக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, இத்தனை பேரில் இரண்டு போனால் ஒன்றும் குறையாது, இரண்டையும் எடுத்துவிடு என்றார். புள்ளிவிவரப்படி அவர் சொல்வது சரி. நானும் எடுத்துவிட்டுப் போயிருப்பேன், அதை மறைப்பானேன்.

சாயந்திரம் கிளம்பும்போது சகுந்தலா மெதுவாக ஆரம்பித்தார். நேற்று வீட்டுக்குப் போகிற வழியில் நெம்மேலிப் பக்கம் ஒரு தனலட்சுமி வீட்டில் எட்டிப் பார்த்தாராம். அந்த வீட்டில் நாத்தனார் குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறதாம். தனலட்சுமிக்கு மூன்றாம் மாதம் நடக்கிறது. கல்யாணமாகி நான்கு வருஷம் கழித்து இப்போதுதான். "உனுக்கு ரத்தத்துல சக்தி இல்லியாம்மே, ஜாக்கிரதையா இரு"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தேன் மேடம் என்றார். பெருமையாக.

யாரைக் கேட்டுச் சொன்னீர்கள். எந்த டியூப் அவளுடையது என்று உங்களுக்கே தெரியாதே.

"இல்லன்னு வந்திச்சின்னு சொன்னீங்களே மேடம்."

வேறென்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். பிள்ளை கண்ணு தெரியாமல் காது கேக்காமல் பிறக்கும் என்றும் சொல்லியிருக்கிறார். பயிற்சி வகுப்பில் நான் காட்டிய படத்தை அப்படியே விவரித்திருக்கிறார். அந்த வீட்டில் என்ன முடிவு எடுத்தார்கள் தெரியுமா. கலைத்துவிடுவது.

ஜீப் ஓரத்தில் நின்று கத்தினேன். மணி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். சகுந்தலா அழுதார். எனக்கு அழவும் நேரமில்லை.

மார்ச் 12, வியாழன்

போனேன். நெம்மேலிக்கு, சகுந்தலாவும் கூட. மாசி மகக் கூட்டம், கடற்கரைச் சாலை முழுக்க மாட்டுவண்டியும் டெம்போவும் மூட்டை முடிச்சும். ஜீப் நகரவேயில்லை. பாதி வழியில் மணி, "நடந்துட்டிங்கன்னா சீக்கிரம் பூடலாம்" என்றார். செருப்பு அறுந்தது.

வாசலில் வேப்பிலை. உள்ளே விடவில்லை. தெருவில் நின்றுதான் பேச்சு. மாமியார் வாசற்படியில், கையில் விசிறி. தனலட்சுமி ஜன்னலுக்குப் பின்னால். சின்னப் பெண், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அழுது கண் வீங்கியிருந்தது.

குழந்தைக்குக் காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்கச் சொன்னேன். மாமியார் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ரெண்டு பக்கமும் நெறி கட்டிகினு கீது" என்றார். மெல்லிய பொரி, லேசான காய்ச்சல், காதுக்குப் பின்னால் நெறி. ரூபெல்லாவாகத்தான் இருக்க வேண்டும்.

தனலட்சுமிக்கு மறுபடி கொஞ்சம் ரத்தம் எடுத்தால் இப்போதே தெரிந்துவிடும் என்று கெஞ்சினேன். பொரி வந்து சில நாள்தான் ஆகிறது, இன்றைக்குச் சக்தி இருந்தால் அது பழைய சக்தி, பயமே வேண்டாம். தள்ளிப்போட்டால் பழையதா புதியதா என்று பிரிக்க முடியாது.

மாமியார் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. இரக்கமாகப் பார்த்தார், அதுதான் தாங்கவில்லை.

"அம்மா வந்து குந்திகினு கீறா. இந்த வூட்ல ஊசியும் கெடையாது, ரத்தமும் கெடையாது. செவ்வாக்கெழமை தலைக்குத் தண்ணி ஊத்தினப்புறம்தான் யாரும் வாசலத் தாண்டணும்."

அதற்கு அப்புறம்? புதன்கிழமை செங்கல்பட்டில் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போகிறார்கள். மகன் லாரி ஓட்டுகிறான், ஆந்திராவிலிருந்து வந்துவிடுவான். எல்லாம் பேசி முடித்தாயிற்று. அவளுக்குச் சக்தி இல்லை என்பதே நிச்சயமில்லை, அப்படியே இல்லாவிட்டாலும் அவளுக்கு நோய் தொற்றியதா என்று பார்க்க வேறு டெஸ்ட் உண்டு, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். எத்தனை நாள் பொறுக்க என்று கேட்டார். சில வாரம் என்றேன். "நாலாம் மாசம் பொறந்துட்டா பேஜாரும்மா. அவ உசுருக்கு யாரு பதில் சொல்றது." அவர் கேட்டதில் தப்பில்லை. தப்பெல்லாம் எங்களுடையது.

சரி, டியூபைக் கொண்டாவது கண்டுபிடிக்கலாம் என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டேன். உன் வீட்டுக்காரர் பேர் என்னம்மா.

அழுத முகத்தோடு வெட்கப்பட்டாள். தலை குனிந்தாள். "அதான் அன்னிக்கே அந்த அக்காகிட்ட சொன்னேனே."

என்ன சொன்னாய்?

"மலைமேல கீறாரே, அவுரு பேருன்னு."

வேதகிரியா என்றேன்.

மாமியார் விசிறியை நிறுத்தினார். "யாரும்மா வேதகிரி? எம் புள்ள பேரு ஏழுமலை. திருப்பதிக்கு வேண்டிகினு பொறந்தவன்."

திரும்பிப் பார்த்தேன். சகுந்தலா வேப்பிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா மேடம் பண்றது, ஒருத்தியும் புருசன் பேர சொல்லமாட்டேங்கறாளுங்க. மலைமேல கீறவருன்னா எங்க ஊர்ல வேதகிரிதான மேடம்." கழுக்குன்றத்தில் பிறந்தவருக்கு உலகத்தில் ஒரே மலை. அதன் மேல் ஒரே சாமி.

அப்படியானால் ஒரு டியூப் ஏழுமலை மனைவியுடையது. இன்னொன்று நிஜமாகவே ஒரு வேதகிரியின் மனைவியுடையது. எது எது? இரண்டும் சகுந்தலா கையெழுத்து, இரண்டிலும் அதே பெயர். எனக்கு அந்தத் தெருவிலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

ஜன்னலிலிருந்து தனலட்சுமிதான் சொன்னாள். முகாமில் "தனலட்சுமி" என்று கூப்பிட்டபோது இரண்டு பேர் எழுந்தார்களாம், சிரித்தார்களாம். அந்த இன்னொரு அக்கா பையனூர். பெண் குழந்தை எல்கேஜி படிக்கிறது. ஜடையில் நிறைய கனகாம்பரம். பிஸ்கட்டில் பாதியை இவளுக்குக் கொடுத்தாளாம்.

பையனூர்க்காரி வீட்டில் அம்மை இருக்காது. அவளிடம் ரத்தம் எடுக்கலாம். அவளுக்குச் சக்தி இருந்தால் மஞ்சள் டியூப் அவளுடையது, இவளுக்குச் சக்தி இல்லை. அவளுக்கு இல்லாவிட்டால் இவளுக்கு இருக்கிறது. ஒருத்தி கையைக் குத்தி இன்னொருத்தி பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டும். எம்.டி. படித்தபோது இதை யாரும் சொல்லித்தரவில்லை.

செவ்வாய்க்கிழமை வரை யாரும் வாசலைத் தாண்டக் கூடாது. மூன்று வருஷமாக இந்த வழக்கத்தைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். இன்றைக்கு அதுதான் அந்தப் பெண்ணை வீட்டுக்குள் பிடித்து வைத்திருக்கிறது. இருக்கட்டும்.

திரும்பி வந்து இவரிடம் எல்லாம் சொன்னேன். புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறைந்துவிடுமா, இந்தக் காலத்தில் இப்படியும் உண்டா என்று பொரிந்து தள்ளினேன். இவர் கேட்டுவிட்டு, "நீ எங்கம்மாகிட்ட என்னை எப்படிக் குறிப்பிடுவே" என்றார். இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் "இவர்".

மார்ச் 13, வெள்ளி

பையனூர். தேடவே வேண்டியிருக்கவில்லை. தெரு முனையில் போர்டு, "வேதகிரி மோட்டார் ரிப்பேர்". பின்னால் வீடு.

இந்த தனலட்சுமி வாட்டசாட்டமானவள், வாய் நிறையச் சிரிப்பு. இவளுக்கும் மூன்றாம் மாதம்தான். புருஷன் பேர் என்ன என்று கேட்டேன், இருந்தாலும் கேட்டேன். போர்டைக் கையால் காட்டினாள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி.

ரத்தம் ஏற்கெனவே கொடுத்தாயிற்றே என்றாள். பெயர் மாறிவிட்டது, தப்பு எங்கள் மேல் என்று சொன்னேன். அந்த இன்னொரு பெண் வீட்டில் அம்மை, அவள் பிள்ளையைக் கலைக்கப் போகிறார்கள், உன் ரத்தத்தைப் பார்த்தால்தான் அவளுக்கு வேண்டுமா வேண்டாமா என்று தெரியும் என்றும் சொன்னேன். வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. புடவைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டிவிட்டாள்.

"அந்தப் பொண்ணா, ஒல்லியா இருந்திச்சே. பாவம். எடுத்துக்கோங்க. எவ்ளோ வேணும்?"

நானே எடுத்தேன். நானே எழுதினேன். ஐஸை நானே பையில் கட்டினேன். சகுந்தலா ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார், நான்தான் உட்காரச் சொன்னேன்.

பேராசிரியரிடம் போனேன். ஒரு சாம்பிளுக்காக டெஸ்ட் கிட்டைத் திறக்க முடியாது, பிளேட்டில் குழியெல்லாம் நிறையட்டும் என்றார். எப்போது நிறையும்? அடுத்த முகாமுக்குப் பிறகு. புதன்கிழமை கலைக்கப் போகிறார்கள் சார் என்றேன். நம்முடையது கண்காணிப்பு ஆய்வு, சிகிச்சை இல்லை, இதையெல்லாம் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் புரிய வேண்டுமாம்.

மார்ச் 14, சனி

லேப் பூட்டு. சாவி ஸ்டோர்கீப்பரிடம். ஸ்டோர்கீப்பர் மச்சினன் கல்யாணத்துக்கு உத்திரமேரூர் போயிருக்கிறார். திங்கள்தான் வருவார்.

காஸ் வந்தது. வெண்டைக்காய், முருங்கைக்காய், பிரியாவுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ்.

மார்ச் 15, ஞாயிறு

ஒரு வேலையும் ஓடவில்லை. சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். பிரியா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னையே பார்த்தாள். என்னவென்று கேட்கவில்லை, நல்ல பெண்.

பூஜை அறையில் விளக்கேற்றும்போது, பையனூர்க்காரிக்குச் சக்தி இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். வார்த்தை வாய் வரை வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. கேட்டதும் கையை நீட்டியவள். அவளுக்கு இல்லாமல் போகட்டும் என்று ஒரு டாக்டர் சாமியிடம் மனு போடுகிறாள். வெட்கமாக இருந்தது. வேண்டுதலை வாபஸ் வாங்கவும் இல்லை.

மார்ச் 16, திங்கள்

பேராசிரியரைக் கேட்கவில்லை. கிட்டைத் திறந்தேன். என்ன ஆகிறதோ ஆகட்டும், மெமோ கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன்.

பழைய டியூப் இரண்டு, பையனூர் புதுசு ஒன்று. சரிபார்க்க இரண்டு. பெரிய பிளேட்டில் ஓரமாக ஐந்து குழி. ஸ்டோர்கீப்பர் எட்டிப் பார்த்து, "இவ்ளோதானா மேடம்" என்றார். பாதியில் கரண்ட் போனது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. டீசல் கேட்டு ஒரு இண்டெண்ட், அதில் மூன்று கையெழுத்து வேண்டும். நல்லவேளை, இரண்டாவது கையெழுத்திலேயே கரண்ட் வந்துவிட்டது.

மெஷினில் வைக்கும் முன்னாலேயே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. பழையது ஒன்று மஞ்சள். பழையது இன்னொன்று தண்ணீர். பையனூர், தண்ணீர்.

"அப்பாடா" என்றேன். சத்தமாக, யாரும் இல்லாத லேபில்.

அப்படியே ஜீப்பில் ஏறினேன். சகுந்தலாவையும் கூட்டிக்கொண்டேன், அவரும் பார்க்கட்டும் என்று. வழியெல்லாம் அவர் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் முதல் தடவை.

நெம்மேலி வாசலில் லாரி நின்றது. ஏழுமலை கீழே குந்தியிருந்தான். இளைஞன், கண் சிவந்து. ஆந்திராவிலிருந்து தூங்காமல் ஓட்டி வந்திருக்கிறான். உன் மனைவிக்குச் சக்தி இருக்கிறது, சின்ன வயதிலேயே எப்போதோ வந்து போயிருக்கிறது, இந்த வீட்டு அம்மையால் பிள்ளைக்கு ஒன்றும் வராது என்றேன். அவன் எழுந்திருக்கவில்லை. சகுந்தலாவைப் பார்த்து, "அன்னிக்கு வேற மாரி சொன்னாங்களே" என்றான்.

நியாயம்தான். ஒரு வாரத்தில் இரண்டு பேச்சு பேசுகிறவர்களை யார் நம்புவது. என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொன்னேன். மலைமேல் இருப்பவர் விஷயத்துக்கு வந்ததும் அவனுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். ஜன்னலுக்குப் பின்னால் அவளும்.

மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. வாசற்படியில் நின்று என்னைக் கூர்ந்து பார்த்தார். "அம்மா எதிர்ல சொல்லு. ஏழுமலையான் மேல சத்தியமா சொல்லு."

டாக்டர்கள் சத்தியம் செய்வதில்லை. நூற்றுக்கு நூறு என்று எந்த டெஸ்டும் இல்லை. இதையெல்லாம் மாணவர்களுக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். வேப்பிலைக்கு எதிரே நின்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அவர் உள்ளே போய் மோர் கொண்டுவந்தார். படியைத் தாண்டி என்னிடம் தரக் கூடாதாம், படியிலேயே வைத்தார். எடுத்துக் குடித்தேன். புதன்கிழமை எங்கும் போகவில்லை என்றார். தனலட்சுமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சகுந்தலா ஜீப்புக்குப் பின்னால் போய் அழுதார். மணி ரேடியோவை அணைத்தார்.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வரும் வழியில், கேளம்பாக்கம் தாண்டுவதற்குள், அது போய்விட்டது.

மார்ச் 17, செவ்வாய்

பேராசிரியர் கூப்பிட்டுவிட்டார். அனுமதியில்லாமல் கிட்டைத் திறந்ததற்கு எழுத்துமூலம் விளக்கம். இரண்டு வரி எழுதிக்கொடுத்தேன். படித்துவிட்டு, இதில் மன்னிப்பே இல்லையே என்றார். இல்லை சார் என்றேன்.

பிறகு பையனூர். தனியாகப் போனேன்.

வெயில் தாங்கவில்லை. தனலட்சுமி வாசலில் கோலமாவு டப்பாவைக் கழுவிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, அந்தப் பொண்ணு என்ன ஆச்சு. பிழைத்தது, பிள்ளைக்கு ஒன்றுமில்லை, கலைக்கவில்லை என்றேன். கையைக் கூப்பி மேலே பார்த்தாள். உட்காரச் சொல்லி முறத்தால் விசிறினாள்.

சொல்லாமல் வந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பேராசிரியர் கணக்கில் அவள் ஒரு எண்தானே. ஆனால் எதற்காக வந்தேன்.

சொன்னேன். உனக்குத்தான் சக்தி இல்லை. உன்னைச் சுற்றி யாருக்கும் அம்மை வராத வரையில் பயமில்லை. வந்தால் கஷ்டம். இன்னும் சில வாரம் ஜாக்கிரதையாக இருந்துவிட்டால் ஆபத்து குறைந்துவிடும்.

விசிறின முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "இதுக்கு ஊசி கீதா டாக்டரம்மா?"

இருக்கிறது.

"அப்ப போட்டுடுங்க." கையை நீட்டினாள். அன்றைக்கு நீட்டின மாதிரியே, தலைப்பை ஒதுக்கிக்கொண்டு.

இப்போது போடக் கூடாது, கர்ப்பத்தில் போடக் கூடாத ஊசி, பிரசவமான பிறகுதான் போட வேண்டும் என்றேன். சர்க்கார் ஆஸ்பத்திரியில் கிடைக்காது என்பதையும் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே போட்டிருக்க வேண்டிய ஊசி என்பதைச் சொல்லவில்லை.

நீட்டின கையை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப ஒண்ணும் பண்ண முடியாதுன்னா, இன்னாத்துக்கு எங்கிட்ட சொன்னீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். ஜாக்கிரதையாக இருக்கத்தான் என்றேன். எப்படி ஜாக்கிரதையாக இருப்பது என்றாள். கூட்டத்துக்குப் போகாதே, அம்மை போட்ட வீட்டுக்குப் போகாதே, குழந்தையைக் கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதே. சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. சாம்பாரில் உப்பு கூடினால்கூடச் செய்ய ஏதாவது இருக்கிறது, இதற்கு எதுவுமே இல்லை.

அப்போதுதான் குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. பையை வாசலில் எறிந்துவிட்டு நேராக அவள் மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டது. முதுகெல்லாம் வியர்வை. கழுத்தோரம் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக இருந்தது.

அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். நான் பார்ப்பதைத்தான் அவள் பார்த்தாள்.

குழந்தையை இழுத்துச் சட்டையைத் தூக்கினேன். முதுகில், அக்குளில், இடுப்புப் பட்டை அழுத்திய இடத்தில். காதுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் தடவினேன். நெறி இல்லை. காய்ச்சல் இல்லை. குழந்தை கூச்சத்தில் சிரித்தது.

"வேர்க்குருதான?" என்றாள்.

வேர்க்குருதான் என்றேன். சட்டையை மறுபடி தூக்கிப் பார்த்தேன்.